துவைக்காத கம்பளி

விடிந்தும் விடியாத நேரத்தில் தோட்டத்துக்குப் போய்த் தொட்டுப் பார்த்தபோது அந்தக் கம்பளி சூடாக இருந்தது.

வெயில் பட்ட சூடு என்று சொல்ல வழியில்லை. வெயில் இன்னும் வேலியைத் தாண்டி வரவே இல்லை. வாளியில் விட்டுவைத்த தண்ணீர் மேலே தகடு கட்டி உறைந்திருந்தது, வேலிக் கம்பியெங்கும் உறைபனி வெள்ளையாக அப்பியிருந்தது, செருப்புக்கடியில் புல் நொறுநொறுவென்று உடைந்தது. பழைய படுக்கை விரிப்புகளால் மூடியிருந்த மற்ற பாத்திகள், கஞ்சி அதிகமாகப் போட்டு இஸ்திரி பண்ணிய துணியாக விறைத்துக் கிடந்தன. வீட்டுச் சுவரோரப் பாத்தியின் மேல் போட்ட கம்பளி மட்டும், யாரோ இப்போதுதான் எழுந்துபோன படுக்கை மாதிரி உள்ளங்கைக்கு இதமாக இருந்தது.

அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, எரிச்சல். "எந்தச் சனியன் வந்து படுத்துட்டுப் போச்சோ" என்று பக்கத்து வீட்டுப் பூனையையும் அதை வளர்ப்பவரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே, நசுங்கிய நாற்றுகளைப் பார்க்கத் தயாராகிக் கம்பளியின் ஓரத்தைத் தூக்கினாள். ஒரு நாற்றுகூட நசுங்கவில்லை. தக்காளி நாற்றுகள் அத்தனையும் நிமிர்ந்து நின்றன. இலைகளில் பொடிப்பொடியாக வியர்வைபோல ஈரம். உள்ளேயிருந்து வெதுவெதுப்பான காற்று ஒரு தடவை அவள் முகத்தில் மோதிவிட்டு அடங்கியது.

மற்ற பாத்திகளை மூடியிருந்த விரிப்புகளை எடுத்தாள். அவரை, வெள்ளரி, மிளகாய் எல்லாம் கறுத்துத் தலை தொங்கிக் கிடந்தன. அதையெல்லாம் பார்த்த பிறகு, பிழைத்த பாத்தி ஏன் பிழைத்தது என்று யோசிக்க அவளுக்கு மனமே வரவில்லை. பிழைத்ததே, அது போதும்.

அந்த வருஷத்து வசந்தம் அவளைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. குளிர் முடியும் முன்பே தயிர் டப்பாக்களின் அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, விதை ஊன்றிச் சமையலறை ஜன்னலோரம் வரிசையாக வைத்தாள். முளைத்த பிறகு பகலில் கொஞ்ச நேரம் வெளியே, சாயங்காலம் உள்ளே என்று தூக்கித் தூக்கி வைத்து வெளிக்காற்றுக்குப் பழக்கினாள். தொடர்ந்து சில நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. சரி, இனிமேல் பயமில்லை என்று நட்டாள். நட்ட கையோடு உறைபனி வந்து அத்தனையும் வேகவைத்த கீரையாகிவிட்டது. மறுபடி விதைத்து, மறுபடி வளர்த்து, மறுபடி நட்டாள். ஆலங்கட்டி மழை அடித்து, ஒரு தண்டுகூட முழுசாக மிஞ்சவில்லை. அதற்கடுத்து விரிப்பு போட்டு மூடிப் பார்த்தாள். காற்று விரிப்பைக் கிளப்பிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு மரத்தில் மாட்டிவிட்டு, நாற்றுகளைக் குளிருக்கு விட்டுக்கொடுத்தது. கைப்பேசியில் வானிலை பார்த்தால் சூரியன் பல்லைக் காட்டும். ஜன்னலைத் திறந்தால் சில்லென்று மூக்கு மரத்துப்போகும். அந்தச் சூரியனை நேரில் பார்த்தால் நாலு அறை விடலாம் என்றிருந்தது அவளுக்கு.

இதற்கு நடுவில் பக்கத்து வீட்டுக்காரர் வேறு. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பயணிகள் இல்லாத குறையை வேலியோரம் வந்து தீர்த்துக்கொள்வார். "நான் அப்பவே சொன்னேனேம்மா, இன்னும் ஒரு பனி பாக்கி இருக்குன்னு" என்பார், ஒவ்வொரு தடவையும், எல்லாம் செத்த பிறகு. முன்கூட்டி ஒருநாளாவது வாயைத் திறந்தவரில்லை.

"விட்டுத்தொலையேன், தக்காளி கடையில கிடைக்காதா?" என்றான் அவள் புருஷன். அவனுக்கு ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை. ஊர் விழிக்கும் முன்பே போய், மதியத்துக்கு மேல் மாவு வாசனையோடு வந்து விழுவான். அவளுக்குச் சலவைக் கடையில் இஸ்திரி மேசை. இரண்டு பேருமே சூட்டில் நின்று சம்பாதிப்பவர்கள் என்பதால் வீட்டில் கொதிப்புக்கு மட்டும் பஞ்சமில்லை.

"கடைத் தக்காளி எனக்குத் தெரியாதா? நம்ம சிட்டுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்" என்றாள்.

சிட்டு அவர்களுடைய ஒரே மகள். பள்ளியில் வேறு பெயர் இருந்தாலும், பிறந்தபோது இருந்த எடைக்கு வீட்டில் அந்தப் பெயர்தான் பொருந்தியது. குளிர்காலம் முழுக்க நெஞ்சுச் சளியும் இருமலுமாகக் குழந்தை வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். கதகதப்பாக வைத்துக்கொள்ளுங்கள், நெஞ்சில் குளிர் ஏறினால் இந்தத் தடவை தாங்கமாட்டாள், வெயில் வந்ததும் வெளியே விளையாட விடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விதைப் பொட்டலத்தைச் சிட்டுதான் கடையில் தேர்ந்தெடுத்தாள். செடிக்குப் பக்கத்திலேயே நின்று பறித்து, கழுவாமல் கடித்துத் தின்ன வேண்டும் என்பது அவள் ஆசை. குழந்தை வெளியே வந்து நிற்கும் நாளில் தோட்டத்தில் ஒரு பச்சையாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான் தாய் கேட்டது. அதைக்கூடக் கொடுக்காத வானத்தை அவள் சும்மா விடுவதாக இல்லை.

கம்பளி வந்த கதை சிறியது. வாடிக்கையாளர்கள் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத துணிகளுக்குச் சலவைக் கடையில் ஓர் அலமாரி உண்டு. ரொம்ப நாள் யாரும் வந்து கேட்காவிட்டால் வேலை செய்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். சிட்டுக்குக் காய்ச்சல் ஏறிய அன்று, அலமாரியிலிருந்த சாம்பல் நிறக் கம்பளியை அவள் எடுத்து வந்தாள். கனமானது, துவைத்து மடித்தது, சோப்பு வாசனை தவிர வேறெதுவும் அதில் இல்லை. கழுத்துவரை அதைப் போர்த்தி, நெஞ்சில் தைலம் தேய்த்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். குழந்தை தெப்பமாக வியர்த்தாள். மறுநாள் மதியம் காய்ச்சல் இறங்கியது.

அன்று சாயங்காலமே மறுபடி உறைபனி எச்சரிக்கை வந்தது. விரிப்புகள் மெல்லியவை, தாங்காது என்று அவளுக்குத் தெரியும். நாற்காலியின் மேல் கம்பளி கிடந்தது, சிட்டுவின் வியர்வை இன்னும் காயாமல்.

கடையில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் உடம்பில் கிடந்த துணி தண்ணீர் பார்க்காமல் இன்னோர் உடம்பின் மேல் போகக்கூடாது. எவ்வளவு அவசரமானாலும், வெறுந்தண்ணீரிலாவது ஒரு முறை முக்கியெடுத்தே ஆக வேண்டும். காரணம் யாரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. புதிதாக வந்தவர்கள் அசட்டையாக இருந்தால் முதல் ஆளாகச் சத்தம் போடுகிறவளே அவள்தான். ஆனால் அன்று துவைத்தால் எப்போது காயும்? ஈரக் கம்பளியைப் போட்டால் நாற்று விறைத்துவிடுமே. செடிதானே, ஆளா என்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மகளின் வியர்வையோடு அதைக் கொண்டுபோய்ப் பாத்தியின் மேல் விரித்தாள்.

அந்தக் கம்பளிதான் காலையில் சூடாக இருந்தது.

அதற்குப் பிறகு தக்காளிச் செடிகள் வளர்ந்த வேகம் பார்க்கிறவர்களின் வயிற்றெரிச்சலைக் கிளப்பும்படி இருந்தது. வெளியே தட்டுக்கெட்டுப் போயிருந்தது காலநிலை. காலையில் வியர்க்கும், மதியம் கல்மழை பெய்யும், பொழுது சாய்ந்தால் பல் கிட்டிக்கொள்ளும். சுவரோரப் பாத்திக்கு மட்டும் எதுவும் உறைக்கவில்லை. தண்டுகள் விரல் தடிமனாகின. இலைகள் கரும்பச்சையாகப் பளபளத்தன. கண்டக்டர் வேலியில் தாடையை ஊன்றிக்கொண்டு, "என்ன உரம் போடுற, சொல்லேம்மா" என்று கேட்டபோது அவளுக்குக் குளிர்காலத்தின் கசப்பெல்லாம் இறங்கியது மாதிரி இருந்தது. "உரமெல்லாம் ஒண்ணுமில்ல சார், ஒரு பழைய போர்வைதான்" என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் அதே போர்வையை இன்னும் பத்திரமாக இழுத்து, ஓரமெல்லாம் கல் வைத்து மூடினாள்.

சிட்டுவும் அடங்கிவிட்டாள். இருமல் நின்றது. இரவில் உலுக்கி எழுப்பும் அந்தக் கரகர இருமல், தகரத்தில் ஆணியால் கீறுவதுபோன்ற அந்தச் சத்தம், ஒரேயடியாக நின்றது. அவள் கும்பிடாத குறைதான். குழந்தை ஓடவில்லை, விளையாடவில்லை, ஜன்னலோரம் உட்கார்ந்து பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது கண்ணில் பட்டாலும், உடம்பு தேற நாளாகும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் சூடாகப் பால் கொடுத்தாள். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிட்டு சும்மாவே உட்கார்ந்திருந்தாள். அடுப்பைத் துடைத்துவிட்டு வந்து கோப்பையை வாங்கினாள். பால் பிரிஜ்ஜிலிருந்து எடுத்ததுபோல் சில்லிட்டிருந்தது.

"ஏன்டி குடிக்கல?"

"சூடு போயிடுச்சும்மா."

"வச்சுக்கிட்டே இருந்தா போகாம என்ன பண்ணும்?" என்று சலித்துக்கொண்டு கையைப் பிடித்தாள். விரல்கள் குளிரில் போட்ட சாவிக்கொத்தாக இருந்தன. இன்னொரு ஸ்வெட்டர் மாட்டினாள், ஹீட்டரைப் பக்கத்தில் நகர்த்தினாள். வெப்பமானியை அக்குளில் வைத்தாள். அது எண் எதுவும் காட்டாமல் கோடு கோடாகக் காட்டியது. தட்டிப் பார்த்தாள், தன் அக்குளில் வைத்துப் பார்த்தாள். அங்கே ஒழுங்காகக் காட்டியது. பாழாய்ப்போன பேட்டரி, ஆளைப் பார்த்து வேலை செய்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டபோது நர்ஸ், "காய்ச்சல் இல்லையே, இருமலும் இல்லையே, அப்புறம் என்ன?" என்று அவளையே கேட்டாள். போனைப் பட்டென்று வைத்தாள். ஆத்திரம்தான் வந்தது.

"நேத்து அவ பக்கத்துல படுத்தேன். என்னால முடியல, எழுந்து வந்துட்டேன்" என்றான் புருஷன் அன்று மாலை, கையிலிருந்த மாவை உரித்துக்கொண்டே.

"ஏன், உதைச்சாளா?"

"உதைக்கல. அசையவே இல்ல." அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "படுக்கையில ஆளு இருக்கிற மாதிரியே இல்லம்மா."

"நீங்க நல்லதா நாலு வார்த்தை சொல்லவே மாட்டீங்களா?" என்று அவன்மேல் பாய்ந்தாள். அவன் கையைக் கழுவ எழுந்துபோனான்.

மறுநாள் வீட்டுத் துணியை மூட்டை கட்டிக் கடைக்குக் கொண்டுபோனாள். வீட்டில் துவைப்பதைவிடக் கடையின் பெரிய மெஷினில் போடுவது சுலபம். துணியை உள்ளே தள்ளும் முன் ஒவ்வொன்றையும் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்ப்பது அவள் கைப்பழக்கம். எந்தக் கறைக்கு எந்தப் பொடி என்று மூக்குதான் முதலில் சொல்லும். படுக்கை விரிப்பை முகர்ந்தாலே படுத்தவர் ஆணா பெண்ணா, கிழமா குழந்தையா என்று சொல்லிவிடுவாள். கடையில் அதை வைத்து அவளைக் கேலி செய்வார்கள்.

புருஷனின் தலையணை உறையில் ஈஸ்ட்டும் வியர்வையும். அவளுடையதில் தலைமுடியும் நீராவியும்.

சிட்டுவின் உறையில் ஒன்றுமில்லை.

திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம், தையலோரம், கன்னம் பதியும் நடுப்பகுதி. வாரக்கணக்கில் குழந்தை தலை வைத்துப் படுத்த உறையில், போன சலவையின் சோப்பு வாசனை அப்படியே இருந்தது. அலமாரியில் மடித்து வைத்ததை எடுத்து வந்த மாதிரி. எச்சில் இல்லை, தைலம் இல்லை. ஒரு முடிகூட இல்லை.

எதையோ கூட்டிப் பார்க்க மறுத்துக்கொண்டே நின்றாள். பிறகு கடைக்காரம்மாவிடம் போனாள். அந்த அம்மாள் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள், எப்போதும்போல வாய் ஓயாமல் யாரையோ வைதபடி.

"அக்கா, அலமாரியிலேர்ந்து ஒரு கம்பளி எடுத்துட்டுப் போனேனே."

"ஆமா, சாம்பல் கலர். அதுக்கென்ன?"

"சிட்டுக்குப் போர்த்தினேன். அப்புறம் அதையே எடுத்துச் செடி மேல போட்டேன்."

"நடுவுல துவைச்சியா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள். கடைக்காரம்மாவின் கை நின்றது. எத்தனையோ வருஷமாக அவளைக் காரணம் இல்லாமல் திட்டிவந்த அந்த அம்மாள், காரணம் கிடைத்த அன்று திட்டவில்லை. அதுதான் அவளை உலுக்கிவிட்டது.

"வீட்டுக்குப் போ. வெளிச்சம் இருக்கும்போதே துவைச்சிடு" என்றாள் மெல்ல. "ஓரத்தை மட்டும் இல்ல, முழுசா."

மாலை வெயில் அநியாயத்துக்கு அடித்தது. வழியெல்லாம் மேல்சட்டையைக் கழற்றவா வேண்டாமா என்று திண்டாடியவள் வீட்டு வாசலை அடைவதற்குள் வெயில் போய் ஊசிக்காற்று கிளம்பிவிட்டது. புருஷன் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தான். சிட்டு சமையலறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டிப் போய், பெரிய வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள்.

பகலில் மடித்து ஓரமாக வைத்திருந்த கம்பளி, பாத்தியை மூடியிருந்தது.

புருஷன் மூடியிருப்பான். காற்று அடிக்குமென்று பயந்து மூடியிருப்பான். அவன் ஒருநாளும் அந்தப் பக்கம் போனவனில்லை என்பதை நினைக்காமல் இருக்கப் பாடுபட்டாள். ஆனால் கம்பளி கிடந்த விதத்துக்கு அவளிடம் சமாதானம் இல்லை. செடிகளின் மேல் போட்ட துணி செடியின் உயரத்துக்கு மேடும் பள்ளமுமாகத்தான் நிற்கும். இது நீளவாக்கில் ஒரே மேடாக இருந்தது. ஒரு பக்கம் சின்ன உருண்டை, நடுவில் சரிவு, அப்புறம் மடங்கிய ஒரு முனை. பக்கவாட்டில், முட்டியை மடித்து, கையைக் கன்னத்துக்குக் கொடுத்து. அந்த மாதிரி படுக்கிற ஒரே ஆளை அவள் பெற்றிருந்தாள்.

குனிந்தாள். மூக்கு சொல்வதற்குள் மனசு சொல்லிவிட்டது. பாலும் தைலமும் கொஞ்சம் உப்பும். தூங்கி எழுந்த சிட்டுவின் பிடரி வாசனை.

ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள். ஒரு சாண்கூடத் தூக்கியிருக்க மாட்டாள்.

"அம்மா, குளிருதும்மா!"

வீறிட்ட சத்தம். காதைக் கிழித்தது. கம்பளியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். வாளியில் கால் இடித்துத் தண்ணீர் கொட்டியது. சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள்.

சிட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தாள். முகத்தில் அழுத சுவடே இல்லை.

"என்னம்மா, குளிருதா? ரொம்பக் குளிருதா கண்ணு?" வாரி அணைத்துக்கொண்டாள். அணைத்த இடமெல்லாம் அவளுக்கே நடுக்கம் எடுத்தது.

சிட்டு அவள் தோளுக்கு மேலாகத் தோட்டத்தைப் பார்த்தாள்.

"மூடிட்டியாம்மா?" என்று கேட்டாள்.

மூடாமல் என்ன செய்வாள்? தூக்கினால் குழந்தைக்குக் குளிர்கிறது என்றுதான் அவள் புரிந்துகொண்டாள். எந்தத் தாயும் அப்படித்தான் புரிந்துகொள்வாள். போய்க் கல்லை எடுத்து வைத்து, அப்படியும் மனம் ஆறாமல் ஓரங்களை மண்ணுக்குள் செருகி, இறுக்கமாக மூடினாள். அப்போது உள்ளே ஏதோ லேசாக நெளிந்தது. காற்று என்று சொல்லிக்கொண்டாள். கையாலாகாத கோபத்தில் அழுகை வந்தது. துவைக்கச் சொன்னார்களே, எப்படித் துவைப்பது? விட்டால் ஒரு தொல்லை, தொட்டால் ஒரு தொல்லை. வெயிலையும் பனியையும் வாயார வைதவளுக்கு இப்போது யாரை வைவது என்றே தெரியவில்லை.

புருஷனை எழுப்பிச் சொன்னாள். அவன் முழுசாகக் கேட்டான், சிரிக்கவில்லை. "காலையில வேலைக்குப் போய் சொல்லிட்டு உடனே வந்துடறேன். ரெண்டு பேரும் சேர்ந்து அதை எடுத்துடலாம். நீ தனியா தொடாதே" என்றான். விளக்கை அணைக்காமலேயே படுத்தார்கள். சிட்டுவை நடுவில் போட்டுக்கொண்டார்கள். நடுவில் கிடந்த குளிருக்கு இரண்டு பக்கமும் அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போனார்கள்.

விழித்தபோது ஜன்னல் சாம்பல் நிறமாக வெளுத்திருந்தது. புருஷன் கிளம்பிப் போயிருந்தான். படுக்கையின் நடுப்பகுதி கசங்காமல் இருந்தது.

சிட்டு ஏற்கனவே எழுந்து சமையலறையில் நின்றாள், வெறுங்காலோடு. கால்களுக்கு நிறமே இல்லை.

"எனக்கு இப்ப குளிரவே இல்லம்மா" என்றாள்.

சொன்ன குரலில் எந்தத் தவறும் இல்லை. சிட்டுவின் குரல்தான். அவளுக்கு நெஞ்சு நிறைந்திருக்க வேண்டும். நிறையவில்லை. குழந்தை சிரித்தாள். உதடு மட்டும்தான் அதற்கு ஒத்துழைத்தது.

அப்போது தோட்டத்திலிருந்து இருமல் கேட்டது.

கரகரவென்று. தகரத்தில் ஆணி.

குளிர்காலம் முழுக்க அந்த இருமலுக்கு அவள் விழித்திருக்கிறாள். எத்தனை பேர் இருமினாலும் அதை மட்டும் பிரித்தெடுப்பாள். எதிரே நின்ற சிட்டுவின் வாய் மூடியிருந்தது.

"போகாதம்மா" என்றாள் சிட்டு. "அது செடி."

கதவைத் திறந்தாள். குளிர் முகத்தில் அறைந்தது. காற்றே இல்லை. ஒரு பறவைகூட இல்லை. புல் வெள்ளை, வேலி வெள்ளை, கண்டக்டர் வீட்டுக் கூரை வெள்ளை. சுவரோரப் பாத்தி மட்டும் கறுப்பாக, ஈரமாக. கம்பளியின் நெசவு வழியாக ஆவி கிளம்பியது. கிளம்பி, நின்றது. மறுபடி கிளம்பியது. மறுபடி நின்றது.

மூச்சு.

நடந்தாள். மண்டியிட்டாள். மண் சுட்டது, காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றிபோல. சாயங்காலம் செருகிய ஓரங்கள் அப்படியே இறுகியிருந்தன. அத்தனை இறுக்கமாக அவளேதான் செருகியிருந்தாள்.

"அம்மா."

கம்பளிக்கு அடியிலிருந்து. களைத்துப்போய். ரொம்ப நேரம் கூப்பிட்டவள் குரலாக.

"தொறம்மா. மூச்சு முட்டுது. குளிருனாலும் பரவால்ல, தொறம்மா."

அவள் விரல்கள் மண்ணைத் தோண்டின. ஓரம் வரவில்லை. நகத்தில் ரத்தம். இழுத்தாள். தக்காளி வேர்கள் கம்பளிக்குள் பாய்ந்து பாய்ந்து தைத்திருந்தன. கம்பளியும் பாத்தியும் ஒன்றாகியிருந்தன. ஒரு மூலை மட்டும் விரலளவு கிழிந்தது. உள்ளே கையை விட்டாள். இலைகள். தண்டுகள். ஈரம். அப்புறம் அதற்கெல்லாம் நடுவில் சின்னச் சின்ன விரல்கள் வந்து, அவள் ஆட்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டன. வெதுவெதுப்பாக. பிறந்த அன்று பிடித்த அதே இறுக்கத்தோடு.

இருமியது. பிடித்திருந்த சின்னக் கை குலுங்கியது.

"சிட்டு" என்றாள். யாரைக் கூப்பிட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

பின்னால் ஜன்னலில் டொக் டொக்கென்று தட்டும் சத்தம். விரலை விடாமல், தலையை மட்டும் திருப்பினாள்.

சமையலறை ஜன்னலின் உள்பக்கம் சிட்டு நின்றாள். நெற்றியும் மூக்கும் கண்ணாடியில் அழுந்தி வெளுத்திருந்தன. உள்ளங்கையைக் கீழே பார்த்து விரித்து, மெதுவாக அமுக்கி அமுக்கிக் காட்டினாள். மூடிடு என்று. வாயும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. மூடிடும்மா, மூடிடும்மா, மூடிடும்மா. உறைபனி பிடித்த அந்தக் காலையில், உதடு கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தது. கண்ணாடியில் துளி ஆவிகூடப் படியவில்லை.